உருளையில் விழுந்த கோடு

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் பௌதிகக் கூடத்தில் கிடந்த குரோனோகிராப்பைக் காயலான் கடைக்குப் போடுவதென்று தொண்ணூற்று நாலில் முடிவாகியிருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் நட்சத்திரம் பார்த்து நிலம் அளக்க வந்தவர்கள் விட்டுப்போன சாமான் அது. காகிதம் சுற்றிய பித்தளை உருளை சுழலும். ஒரு பேனா கடிகாரத்தோடு சேர்ந்து விநாடிக்கு விநாடி புள்ளி வைக்கும். நட்சத்திரம் பார்ப்பவர் பொத்தானை அமுக்கினால் இன்னொரு பேனா பக்கத்திலேயே கோடு கிழிக்கும். விநாடியில் பத்தில் ஒரு பங்குகூடத் தப்பாது.

பேராசிரியை பிரம்மநாயகி இரண்டு வருஷம் மல்லுக்கட்டி அதை ஓட வைத்திருந்தாள். முதல்வர் ஞானசம்பந்தன் லேசில் நம்புகிற ஆள் இல்லை. “வேலை செய்யுதுன்னு ஒரு தடவை காட்டுங்கம்மா, வச்சுக்கிடுவோம். இல்லேன்னா திங்கக்கிழமை வண்டி வந்துரும்” என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிலா ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகிறது. அந்த நொடியைப் பிடித்துக் காட்டிவிடலாம் என்று இருந்தாள். நிலாவையும் நட்சத்திரத்தையும் கணக்குப் போட்ட புண்ணியவதி, அன்றைக்குத் தசரா சப்பரம் வரும் என்பதை மட்டும் மறந்துபோனாள்.

மொட்டைமாடியில், தொலைநோக்கியில் கண்ணும் பொத்தானில் விரலுமாக அவள் மூச்சடக்கி நிற்கையில், சுவருக்கு அந்தப் பக்கம் வேட்டு வெடித்தது. உயிரே போய்விட்டது அவளுக்கு. திடுக்கிட்டதில் விரல் பொத்தானை அமுக்கிவிட்டது. மறுபடி கண்ணை வைத்தபோது நட்சத்திரத்தைக் காணோம். பாழாய்ப்போன வேட்டு!

அட்டெண்டர் ஐயம்பெருமாள் டார்ச் அடித்து உருளையைப் பார்த்தார். “கோடு விழுந்திருக்கும்மா!”

“அது நட்சத்திரம் இல்ல அண்ணாச்சி. நான் பயந்தது.”

“யாருக்குத் தெரியப்போவுது? நட்சத்திரம்னே சொல்லிருங்க. ரெண்டு நொடி முன்னப்பின்ன இருந்தா என்ன கெட்டுப்போச்சு?”

அவளுக்கும் ஆசைதான். அழுகையே வந்தது. ஆனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிற சாமானைக் காப்பாற்றப் பொய் சொல்ல மனசு வரவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில், ‘வேட்டுச் சத்தம். நட்சத்திரத்தைத் தவறவிட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

திங்கட்கிழமை காயலான் கடை வண்டி வாசலில் நின்றது. முதல்வர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தக் காகிதத்தை வாசித்தார்.

“இது நீங்க பயந்த நேரமா?”

“ஆமா சார். ஏழு மணி பன்னிரண்டு நிமிஷம், நாப்பத்தொன்னு புள்ளி மூணு விநாடி.”

“புள்ளி மூணா!” அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அப்ப மிஷின் சரியாத்தான் வேலை செய்யுது. தப்பு உங்க மேல, அப்படித்தானே?”

“ஆமா சார், முழுக்க என் தப்புதான்” என்றாள் பிரம்மநாயகி, பல்லெல்லாம் தெரிய.