நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்

வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையை அரசாங்கம் கணக்கு டீச்சர்கள் தலையில் கட்டுவதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. இல்லாதவர்களைக் கழிக்க வேறு யாருக்குத் தெரியும்? மதுரை செல்லூரில் ஒரு சந்துக்கு அப்படி வாய்த்தவள் வசுந்தரா. வெளியாள்கூட இல்லை, அதே சந்தில் பதினேழாம் நம்பர் வீட்டுக்காரி.

இன்று மாலை ஐந்து மணிக்குள் எல்லாப் படிவங்களும் முடிந்தாக வேண்டும் என்று மேற்பார்வையாளர் காலையிலிருந்து வாட்ஸப்பில் மூன்று முறை மிரட்டிவிட்டார், மூன்று முறையும் பூங்கொத்துப் படத்தோடு. மிச்சமிருந்தவை மூன்று வீடுகள். அதில் ஒன்று அவளுடையது. அந்தப் படிவத்தைப் பத்து நாளாகப் பையின் அடியில் போட்டுக்கொண்டு அலைகிறாள். அதிலிருக்கும் மூன்று பெயர்களில் ஒன்று பாலமுரளி. ஒரே மகன், வயது இருபத்தொன்பது, புனேக்கு வேலைக்குப் போய் ஆறு வருடமாகிறது. விதிப்படி அவன் பெயருக்கு நேரே ‘நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்’ என்று எழுதி நீக்க வேண்டும். அந்த ‘நிரந்தரமாக’வை எழுத அவளுக்குக் கை வரவில்லை.

அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுதும்போது அந்தச் சொல் வெகு சரளமாக வந்தது.

“ஹரிராம் எங்கக்கா?” என்று ஹம்சவேணி வீட்டு வாசலில் நின்று கேட்டாள்.

“இப்பத்தான் பால் வாங்கப் போனான்.”

ஹரிராம் குருகிராமில் வேலைக்குச் சேர்ந்து எட்டு வருடம். அவ்வளவு தூரம் போய் வாங்குகிற பால் காபிக்குள் வந்து சேருமா என்று வசுந்தரா கேட்கவில்லை.

“நம்பலேன்னா பாரு, கொடியில அவன் சட்டை காயுது!”

காய்ந்துகொண்டுதான் இருந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லாமல், இஸ்திரி மடிப்புகூடக் கலையாமல் காய்ந்துகொண்டிருந்தது.

“போன தீபாவளிக்கே அவன் வரலக்கா. பேர எடுத்துர்றேன்.”

ஹம்சவேணி சௌராஷ்டிர மொழிக்கு மாறி, அழுதுகொண்டே கெஞ்சினாள். அந்தச் சந்தில் காரியம் ஆக வேண்டுமென்றால் வீட்டு மொழிதான். ஆனால் வசுந்தரா பி.எல்.ஓ. என்கிற வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஆன நாளிலிருந்து வீட்டு மொழியை வீட்டோடு வைத்துவிட்டாள். விதிமுறைகளுக்கு உட்பட்டே எதையும் செய்ய இயலும் என்று சுத்தமான சர்க்கார் தமிழில் சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் மதுரைத் தமிழில் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாள். “பேர எடுத்தா புள்ள என்ன காணாமலா போயிருவான்? இதுக்குப் போயி இம்புட்டு அழுகையா?”

கையெழுத்து வாங்கிக்கொண்டு நகர்ந்தாள்.

அடுத்த வீட்டில், மகன் மாடியில் தூங்குகிறான் என்றார்கள். கடமை தவறாத அலுவலர் மாடியேறிப் பார்த்தாள். நான்கு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன்கூட அந்த வீட்டு மகன் இல்லை. விசைத்தறியில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த பீகார்க்காரர்கள். சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்த ராம்பிரவேஷ் எழுந்து நின்றான்.

“வாங்க டீச்சர். எங்க பேரயும் எழுதிக்கங்க. பதினோரு வருசமா இங்கனதான இருக்கோம்.”

பொய்யில்லை. எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எந்த வீட்டுப் பெரியவருக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது என்பதெல்லாம் சந்தில் அவனுக்குத்தான் தெரியும். பட்டியலில் இல்லை என்பதைத் தவிர அவனிடம் ஒரு குறையும் கிடையாது.

“ஒரே ஆளுக்கு ரெண்டு ஊர்ல ஓட்டு இருக்கக் கூடாதுப்பா. ஒங்க ஊர்ல பேர எடுத்துட்டு வா, இங்க எழுதுறேன்.”

“எங்க எடுக்குறது? அங்கயும் ஒங்கள மாதிரி ஒரு டீச்சர் வந்துச்சாம். எங்கம்மா, ‘வயலுக்குப் போயிருக்கான், இப்ப வந்துருவான்’னு சொல்லிருச்சு.”

வசுந்தரா சிரித்துவிட்டாள். அவன் ஊரான சமஸ்திபூரிலும் பிள்ளைகள் பக்கத்தில்தான் போயிருக்கிறார்கள் போல. “இனிமே வரமாட்டேன்னு நீ சொல்ல வேண்டியதுதான?”

ராம்பிரவேஷ் கரண்டியைக் கீழே வைத்தான். “அம்மாகிட்ட எப்பிடி டீச்சர் அதச் சொல்றது?”

அதற்குமேல் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே இறங்கிக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மணி நாலே கால். வெங்கடேஷ்பாபு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். மனைவி பையிலிருந்து எடுக்கும் காகிதம் எது என்று அவருக்குத் தெரியும். பார்வையை டிவி பக்கம் திருப்பிக்கொண்டார். டிவி ஓடவில்லை.

“பாலமுரளிக்கு என்ன எழுத?”

“இருக்கான்னு எழுது.”

“எங்க இருக்கான்?”

“கடைக்குப் போயிருக்கான்.”

சந்து முழுக்க இந்தப் பதிலுக்குப் பாடம் எடுத்தவள் இப்போது பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினாள். அவரே தொடர்ந்தார். “ரெண்டு வருசத்துல இங்கிட்டே மாத்திக்கிட்டு வந்துருவேன்னு சொன்னான்ல?”

சொன்னது உண்மைதான். சொல்லி நாலு வருடம் ஆகிறது என்பதும் உண்மைதான்.

அவனிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். வருவேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எப்போது என்றுகூடக் கேட்க மாட்டாள். பெயர் அப்படியே இருக்கட்டும், மேற்பார்வையாளர் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

பாலமுரளி உடனே போனை எடுத்தான். சௌராஷ்டிரத்தில்தான் பேசினான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

“அத எடுத்துரும்மா. நான் போன மாசமே இங்க பேரு சேத்துட்டேன். ஒங்கிட்டச் சொல்லணும்னு நெனச்சேன், வேலையில மறந்து போச்சு. ஃப்ளாட் வாங்குறோம்ல, அட்ரஸ் ப்ரூஃப் வேணும்னாங்க.”

“ஃப்ளாட்டா?”

“ரெண்டு பெட்ரூம்மா. ஒண்ணு ஒனக்கும் அப்பாவுக்கும். பத்து நாள் வந்து இருந்துட்டுப் போங்க. சரிம்மா, மீட்டிங் இருக்கு, அப்பறம் பேசுறேன்.”

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் வெங்கடேஷ்பாபுவும் கேட்டார். கையெழுத்துப் போடச் சொன்னதற்கு, கண்ணாடியைக் காணோம் என்றார். கண்ணாடி அவர் மூக்கில் இருந்தது.

‘நிரந்தரமாக’ என்று வசுந்தராவே எழுதினாள். தகவல் தந்தவர் என்ற இடத்தில், தாயார் என்று குறிப்பிட்டு ஒரு கையெழுத்து. நேரில் விசாரித்துச் சரிபார்த்த அலுவலர் என்ற இடத்தில் இன்னொன்று. போனில் படம் எடுத்து அனுப்பியபோது ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. குறித்த நேரத்துக்குள் முடித்துவிட்டாள்.

“இப்ப இந்த வீட்ல எத்தன ஓட்டு?” என்று கேட்டார் வெங்கடேஷ்பாபு.

“ரெண்டு,” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.