மூன்றாவது தெருவில் ஒரு மோதல்

2005 டிசம்பரில் முடிச்சூருக்குள் தண்ணீர் வந்தபோது, மூன்றாவது தெருவில் மொத்தம் இரண்டே இரண்டு மிதவைகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

ஒன்றில் நின்றிருந்தவன் சுஃபியான், ஒரு லட்சம் டன் எண்ணெய்க் கப்பலில் தேர்டு ஆபீஸர். வெள்ளை ஷெர்வானி, தலைப்பாகை, முகத்தை மறைத்துத் தொங்கும் மல்லிகைச் சரம் என்று இருந்ததால் அன்றைக்கு அவனுக்கு நிக்காஹ் என்பது பார்த்தாலே தெரிந்தது. கழுத்தில் பைனாகுலரும் தொங்கியது. அது வேலைப் பழக்கம்.

இந்தச் சம்பந்தம் முடிவானதே ஒரு வாக்கியத்தில்தான். மேற்குத் தாம்பரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் கரீம், பையனைப் பார்க்க வந்த அன்று கப்பலில் என்ன வேலை என்று கேட்டார்.

"எது மேலயும் மோதாம பாத்துக்கறது, மாமா."

கரீம் டீ கிளாஸை அப்படியே கீழே வைத்துவிட்டார். அவருடைய மகன் ஜாகிர் அந்த மாதத்தில் மட்டும் கடை வேனை மூன்று தடவை இடித்துக்கொண்டு வந்திருந்தான். ஒவ்வொரு தடவையும், "எதிர்ல வந்தவன் ராங் சைடு அத்தா" என்பான். ஒரு தடவை எதிரில் வந்தது மின்கம்பம். அப்படிப்பட்ட வீட்டில், மோதாமல் இருப்பதையே தொழிலாகக் கொண்ட மாப்பிள்ளை என்றால் சும்மாவா? ஜமாத்தில் எல்லோரிடமும் சொன்னார். பிவிசி பைப் வாங்க வந்தவர்களிடமும் சொன்னார்.

கரீமின் மகள், மணப்பெண் ஃபாயிசாவிடம் சுஃபியான் மூன்று மாதம் போனில் பேசினான். பேசியதெல்லாம் கடல் விதிகள். ஒரு குட்டி ஹார்ன் அடித்தால் வலது பக்கம் திரும்புகிறேன், இரண்டு அடித்தால் இடது பக்கம், வேகமாக ஐந்து அடித்தால் 'நீ என்ன செய்ய உத்தேசம் என்றே எனக்குப் புரியவில்லை.' ஐ லவ் யூவுக்கு எத்தனை ஹார்ன் என்று ஃபாயிசா ஒருநாள் கேட்டாள். அதற்கு விதியில் இடமில்லை என்று அவன் வருத்தத்துடன் தெரிவித்தான்.

கல்யாண நாளன்று மண்டபம் தெருக்கோடியில், முந்நூறு மீட்டர் தூரத்தில், தண்ணீருக்கு மேலே மேட்டில் நின்றது. நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பியாக வேண்டும், ஊரப்பாக்கத்தில் அவருக்கு இன்னொரு நிக்காஹ். சுஃபியான் வீட்டார் ஒன்பது மணிக்கே டிராக்டரில் ஏறிப் போய்விட்டார்கள். அவனையும் கூப்பிட்டார்கள். கப்பல் ஆபீஸர் தண்ணீரில் டிராக்டரில் போனான் என்று நாளைக்கு யாராவது சொன்னால் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று மறுத்துவிட்டான்.

அவனே ஒரு மிதவை கட்டினான்: நான்கு நீல டிரம், அதன்மேல் பாத்ரூம் கதவு. முடிச்சுகள் அத்தனையும் முறைப்படி போடப்பட்டவை. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பயணத் திட்டம் வரைந்தான். அதில் இரண்டு ஸ்பீடு பிரேக்கர்களும், சாக்கடைக்காக ஜூன் மாதம் தோண்டி அப்படியே விட்டுவிட்டுப் போன பள்ளமும் 'மூழ்கிய ஆபத்துகள்' என்று குறிக்கப்பட்டிருந்தன. பள்ளிக்கூட நண்பன் தேவானந்தத்தை முன்னால் உட்காரவைத்து, கண்ணில் படுவதை எல்லாம் திசையோடு சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டான். சிறுசேரியில் சாஃப்ட்வேர் சோதிக்கும் தேவானந்தத்துக்குத் தப்பு கண்டுபிடிப்பதுதான் சம்பளம்.

"மச்சான், மாடு" என்றான் தேவானந்தம்.

"எந்தத் திசைடா?"

"முனியம்மா வூட்டாண்ட."

சுஃபியான் மூங்கில் கழியை ஊன்றி மாட்டுக்கு நிறைய இடம் விட்டு விலகினான். மாடு நகரவே இல்லை. ஒருவர் விலகும்போது மற்றவர் தன் போக்கை மாற்றக் கூடாது; விதிப்படி அது சரிதான்.

மண்டபம் நாற்பது மீட்டரில் வந்தபோது எதிரில் இரண்டாவது மிதவை தெரிந்தது. நான்கு லாரி டியூப், மேலே ஒரு நாடாக் கட்டில், கட்டிலில் பால் பாக்கெட் டப்பாவோடு கிளியம்மாள். பின்னால் நின்று கழி போட்டவர் துளசிங்கம், தாம்பரம் வேளச்சேரி ரூட்டில் பதினெட்டு வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறவர். ஆட்டோ தண்ணீருக்குள் போனதும் அதன் ரப்பர் ஹார்னை மட்டும் கழற்றிக் கட்டிலில் மாட்டியிருந்தார். ஹார்ன் இல்லாமல் அவருக்குக் கை ஓடாது.

நேருக்கு நேர். கடலில் இதற்கு விதி ஒன்றுதான்: இரண்டு பேரும் அவரவர் வலது பக்கம் ஒதுங்க வேண்டும். சுஃபியான் தயங்காமல் வலது பக்கம் ஒதுங்கினான். துளசிங்கம் பதினெட்டு வருஷப் பழக்கத்தில் இடது பக்கம் ஒதுங்கினார். எதிரெதிரே வருகிறவர்களில் ஒருவருடைய வலதும் மற்றவருடைய இடதும் ஒரே பக்கம்தான்.

துளசிங்கம் ஒரு தடவை ஹார்ன் அடித்தார். ஆட்டோக்காரர் அடிப்பதுதானே.

சுஃபியானுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு ஹார்ன் என்றால் அவர் வலது பக்கம் திரும்புகிறார், விதி தெரிந்த மனுஷன் என்று தேவானந்தத்திடம் சொன்னான்.

"லெஃப்ட்ல வர்றாருடா" என்றான் தேவானந்தம்.

சிக்னல் கொடுத்துவிட்டு யாராவது மாற்றிப் போவார்களா என்று கேட்டு, சுஃபியான் இன்னும் வலது பக்கம் தள்ளினான். துளசிங்கமும் பெருந்தன்மையோடு இன்னும் இடது பக்கம் தள்ளினார். தெருவின் மறுபக்கம் ஒரு பஸ் போகிற அளவுக்குக் காலியாகக் கிடந்தது. இவர்கள் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக, ஆடு நடக்கிற வேகத்தில், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே மோதினார்கள்.

முடிச்சு ஒன்றும் அவிழவில்லை. அவிழ்ந்திருந்தால் கதவு ஒரு பக்கமாவது தங்கியிருக்கும். மிதவை மொத்தமாகக் கவிழ்ந்து, மாப்பிள்ளை முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்த கோலத்தில் இருந்தான். பால் பாக்கெட்டுகள் அவனைச் சுற்றி மிதந்தன. மண்டபத்து வாசலில் ஜமாத் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் நின்ற கரீம் யாரோ நகர்த்திய நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"இன்னா சார்" என்றார் துளசிங்கம். "ரோட்ல லெஃப்ட்ல தானே வரணும்?"

"இது ரோடு இல்லண்ணா, தண்ணி. தண்ணில ரைட்டு."

"தண்ணிக்குக் கீய ரோடு கீதே."

சுஃபியான் எழுந்து நின்று யோசித்தான். பிறகு, இந்தத் தண்ணீர் அடையாற்றில் சேர்கிறது, அடையாறு கடலில் சேர்கிறது, ஆகவே மூன்றாவது தெரு சட்டப்படி கடலோடு சேர்ந்தது என்று விளக்கினான்.

"அப்போ எம் பாலு கடல்ல பூட்ச்சா?" என்றாள் கிளியம்மாள்.

அதோடு விட்டுவிட்டு மண்டபத்துக்கு நடந்து போயிருக்கலாம். ஆனால் மோதிய கப்பல்கள் பெயர், ஊர், போகுமிடம் பரிமாறிக்கொள்ளாமல் பிரிவது குற்றம். பத்திரிகை நனைந்தாலும் பேனா எழுதியது. கலத்தின் பெயர் என்ன என்று கேட்டான். துளசிங்கம் கட்டிலைப் பார்த்துவிட்டு, கட்டில் என்றார். எந்தத் துறைமுகம் என்றதற்குத் தாம்பரம் ஸ்டாண்டு. மணி பதினொன்று ஐம்பத்து இரண்டு. ஹஜ்ரத் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தார். போலாம்டா, போலாம்டா என்று தேவானந்தம் ஷெர்வானியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். சுஃபியான் 'போகுமிடம்' என்று எழுதிக்கொண்டிருந்தான்.

அப்போது மண்டபத்து வாசலிலிருந்து ஹார்ன் கேட்டது. குட்டி குட்டியாக, வேகமாக, ஐந்து.

பேனா நின்றது.

தண்ணீருக்குப் பயந்து வாசல் மேட்டில் ஏற்றி வைத்திருந்த ஜாகிரின் பைக் பக்கத்தில், முக்காடும் நகையுமாக ஃபாயிசா நின்றிருந்தாள். கட்டைவிரல் ஹார்ன் பட்டனில் இருந்தது. ஜமாத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வேண்டியவனுக்கு விளங்கிவிட்டது. சட்டப் புத்தகத்தில் அவன் எத்தனையோ முறை படித்த அந்தச் சந்தேகத்தை ஒருவர் அவனைப் பார்த்தே கேட்பது இதுதான் முதல் தடவை.

பத்திரிகையை மடித்தான். துளசிங்கத்திடம் அனுமதி கேட்டு அவருடைய ரப்பர் ஹார்னை இரண்டு தடவை அமுக்கினான். இடது பக்கம் திரும்புகிறேன். வலது பக்கச் சுவரோரம் நின்றவனுக்கு மண்டபம் இடது பக்கம்தான் இருந்தது.

துளசிங்கம் அவன் திரும்புவதைப் பார்த்துத் தலையாட்டினார். "இப்போதான் சார் கரீட்டு."

கழியால் பள்ளம் பார்த்துப் பார்த்து நடந்து, பதினொன்று ஐம்பத்தெட்டுக்குச் சொட்டச் சொட்ட மேடையில் உட்கார்ந்தான். ஹஜ்ரத் ஒரு செருப்போடு திரும்பி வந்தார். ஜமாத் மொத்தமும் கரீமைப் பார்த்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னார்:

"எதிர்ல வந்தவன் ராங் சைடு."

ஜாகிர் தன் அப்பாவை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.