மூன்று ஈயக்குண்டுகள்

வலது தோள் முந்தாநாளிலிருந்து கையைக் கழுத்துக்கு மேலே தூக்க விடவில்லை. புருஷன் பாலு கதவோடு சேர்த்துத் தள்ளியதில் தாழ்ப்பாள் குத்திய இடம். இருபது கிலோ மீன்கூடையைத் தலைக்கு ஏற்றுகிற தோள் அது. இப்போது பழைய கைலித்துணியில் சுற்றிய ஒரு பிடி கிளியைத் தாங்க முடியாமல் தேவானை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அடையாறில் இருந்த அந்தக் கிளினிக்கில் மேஜை சில்லென்றிருந்தது. டாக்டர் வர்ஷினிக்குத் தேவானையின் மகள் தமிழ்மொழியைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். துணியைப் பிரித்தாள். கிளியின் தலை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கால் நிற்கவில்லை. வால்பக்கம் பச்சைத் தண்ணீராக ஒட்டி, அதற்குள் மெல்லிய ரத்தக்கோடு.

"கூண்டுல எதையெல்லாம்மா கடிக்கும் இது?"

"டப்பா கடிக்கும். கொய்யாக் குச்சி கடிக்கும். அப்பறம் வலை குண்டு. கம்பியக் கடிச்சி மூக்கு தேயுதேன்னு மூணு குண்டு தொங்க உட்டுக்கீறேன். அத வெச்சிக்கினு நாள் பூரா வெளயாடும்."

"வலை குண்டுன்னா?"

"ஈயம்மா. வலை அமுங்கறதுக்குக் கோப்போம்ல, அது."

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள். "ஈயம் விஷம்மா. கொஞ்சம் கொஞ்சமா கொறிச்சு முழுங்கியிருக்கு. உடம்பு பூரா கலந்துடுச்சு."

"நாங்க பல்லுல கடிச்சித்தான் குண்ட நசுக்குவோம் டாக்டரம்மா. எனுக்கு ஒண்ணும் ஆவலயே."

டாக்டர் அவள் பல்லைப் பார்த்தாள். பிறகு, அஞ்சு நாள் இங்கேயே வைத்து இரண்டு வேளையும் ஊசி போட வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும், ஆறாயிரம் கிட்ட ஆகும் என்றாள். தேவானை முந்தானை முடிச்சைப் பிடித்தபடி நின்றாள். அதில் இருநூற்றைம்பது ரூபாய் இருந்தது.

"சும்மா பாக்கற எடம் ஒண்ணு இருக்கு," என்றாள் டாக்டர், குரலைத் தாழ்த்தி. "ஆனா இந்தக் கிளிய வீட்ல வளக்கறதே சட்டப்படி தப்பு. அங்க எடுத்துட்டுப் போனா ஃபாரஸ்ட்காரங்ககிட்ட குடுத்துடுவாங்க. திரும்ப வராது."

"பொழைக்குமா?"

"பொழைக்கலாம்."

தேவானை கிளியை மறுபடி துணியில் சுற்றினாள். "இன்னிக்கு ஒரு ஊசி போடுங்கம்மா. நாளைக்கு இட்டாரேன்."

ஊசியும் பார்த்ததற்கான காசும் எண்ணூற்றைம்பது. இருநூற்றைம்பதை வைத்தாள். மீதியை அப்புறம் கொடுக்கச் சொன்னாள் டாக்டர்.

ஒல்காட் குப்பம்வரை நடந்தே வந்தாள். காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. நாலு நாளாகக் கடலில் இறங்கக் கூடாதென்று அறிவிப்பு. படகுகளை மேட்டில் ஏற்றிக் கவிழ்த்திருந்தார்கள். ஆண்கள் வீட்டில் இருந்தார்கள்.

கிளியை ஏன் கொடுக்கவில்லை என்று தெரு முழுக்கத் தன்னையே கேட்டுக்கொண்டு நடந்தாள். பதில் அவளுக்குத் தெரியும். தமிழ்மொழிக்குப் பன்னிரண்டு வயது இருந்தபோது, பாலு கையை ஓங்கும்போதெல்லாம் அவள் குறுக்கே விழுந்து கத்துவாள். "அடிக்காத நைனா, அடிக்காத." யாரும் சொல்லிக் கொடுக்காமல் கிளி அதைக் கற்றுக்கொண்டது. தமிழ்மொழி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய் ஹாஸ்டலில் தங்கி இரண்டு வருஷம் ஆகிறது. அவள் போன பிறகும் கிளி கத்திக்கொண்டிருந்தது. அதே குரல், அதே கீச்சு. அந்தச் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுச் சொர்ணம் கதவைத் தட்டுவாள். எதிர்வீட்டில் தலை நீளும். மகள் குரலில் நாலு பேர் முன்னால் மானம் போவதைப் பாலுவால் தாங்க முடியாது. கையை இறக்கிவிட்டு வெளியே போய்விடுவான்.

வீட்டுக்குள் பாலு அரிசி டப்பாவைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தான். சாராய நெடி.

"டீசல் காசு எங்கமே?"

"கிளிக்கு ஊசி போட்டேன்."

அவன் டப்பாவைக் கீழே போட்டான். "கிளிக்கா? நா ரெண்டு நாளா வயித்துவலின்னு சுருண்டுக்கினு கீறேன், ஒரு சோடா வாங்கிக் குடுத்தியா? கிளிக்கு டாக்டரா?"

"உனுக்கு வயித்துவலி எதுனாலன்னு ஊருக்கே தெரியும்."

அவள் கிளியைக் கூண்டுக்குள் இறக்கிக் கதவைச் சாத்துவதற்குள் கை ஓங்கியது. ஓங்கியபடியே நின்றது. பாலுவின் கண் கூண்டுக்குப் போனது. ஐந்தாறு வருஷப் பழக்கம். அந்தச் சத்தம் வருகிற இடத்தில் கை தானாக நிற்கும். தேவானையும் கூண்டைப் பார்த்தாள். கிளி அலகைத் திறந்தது. உள்ளே கறுத்த நாக்கு அசைந்தது. ஒன்றும் வரவில்லை.

கை இறங்கியது.

முதல் அடி காதில். இரண்டாவது அடிக்கு அவள் சுவரில் மோதினாள். தலைமயிரைப் பிடித்து இழுத்து வலது தோளிலேயே முழங்கையால் குத்தினான். விழுந்தவளை இடுப்பில் உதைத்தான். எந்த இடத்தில் நிறுத்துவதென்று அவனுக்குத் தெரியவில்லை. நிறுத்திக் கொடுக்க யாருமில்லை. அவளும் கத்தவில்லை. கத்திப் பழக்கமில்லை அவளுக்கு. வாயில் உப்புக் கரித்தது. அரிவாள்மணை அடுப்படியில் இருந்தது, எட்டாத தூரம்.

கூண்டு தடதடவென்று ஆடியதும்தான் அவன் கால் நின்றது.

கிளி கூண்டின் அடியில் மல்லாந்து கிடந்தது. இறக்கை தகரத்தை அடித்தது. கழுத்து பின்னால் முறுக்கிக்கொண்டு முதுகைத் தொட்டது. நகம் காற்றைப் பிறாண்டியது. மூன்று குண்டுகளும் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. அடங்கி, மறுபடி ஆரம்பித்தது.

சொர்ணம் எட்டிப் பார்த்தாள். தேவானையின் உதட்டைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா இது? கிளி சத்தம் காணோமா, சும்மா ஏதோ பேசிக்கினு கீறீங்கன்னு நெனச்சேன்." பாலு பக்கம் திரும்பினாள். "உனுக்குக் கிளி சொன்னாத்தான் ஒறைக்குமா நைனா? அவ மனுசி இல்ல?"

பாலு வாசற்படியில் போய் உட்கார்ந்தான்.

வெயில் சாயும்வரை நாலு தடவை வந்தது அந்த வலிப்பு. ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட நீளம். தேவானை துளித் துளியாகத் தண்ணீர் விட்டாள். அது அலகோரமாக வழிந்தது. ஐந்தாவது தடவை, கிளி தன் நெஞ்சிறகைத் தானே கடித்துப் பிய்க்க ஆரம்பித்தது.

"குடுமே, நா முடிக்கிறேன்," என்றான் பாலு. போதை இறங்கியிருந்தது. "பாக்க முடியல. ஒரே அடிதான்."

"உன் ஒரே அடி எனுக்குத் தெரியாதா? உன் கை படக்கூடாது."

கிளியை எடுத்து மடியில் வைத்தாள். அது அவள் விரலைக் கடித்தது, எலும்புவரை. அவள் விரலை இழுக்கவில்லை. இடது கையால் உடம்பை அணைத்து, வலது கையால் தலையைப் பிடித்து, இழுத்து ஒரே திருப்பு. அதற்குத் தோள் தேவைப்படவில்லை. உலர்ந்த குச்சி முறிகிற அளவுக்குத்தான் சத்தம். அலகு விரலிலேயே மாட்டியிருந்தது. அதைப் பிரித்து எடுத்தாள்.

பாலு அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொட்டுப் பதற்றம் இல்லாத கைகள். அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு முழம் பின்னால் நகர்ந்தான்.

இருட்டுவதற்குள் கவிழ்த்த படகுக்குப் பின்னால் முழங்கை ஆழம் தோண்டிப் புதைத்தாள். நாய் பறிக்காமலிருக்க உடைந்த கான்கிரீட் துண்டை மேலே உருட்டி வைத்தாள் சொர்ணம்.

விடிந்தபோது காற்று விட்டிருந்தது. பாலு வாசலுக்கு வெளியிலேயே நின்று, "சோறு கீதா?" என்று மெதுவாகக் கேட்டான். "இருக்கறத எடுத்துப் போட்டுக்க," என்றாள் தேவானை. அவன் அவள் இருந்த பக்கத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனான்.

அவள் கூண்டிலிருந்து மூன்று குண்டுகளையும் அறுத்தெடுத்திருந்தாள். வலையில் மூன்று இடம் காலியாக இருந்தது. கயிற்றில் ஒன்றைக் கோத்து, பழக்கத்தில் வாய்க்குக் கொண்டுபோனாள். ஈயம் முழுக்கச் சின்னச் சின்னப் பள்ளங்கள். நாக்குக்குத் தெரிந்தது. அந்தப் பள்ளத்தின் மேலேயே பல் இறங்கியது. கடித்து நசுக்கினாள். அடுத்ததை எடுத்தாள்.

"இன்னிக்கு மீன் வருமாக்கா?" என்றாள் சொர்ணம்.

"வரும். வித்துட்டு அடையாறு போவணும். டாக்டரம்மாக்கு பாக்கி."

"செத்த கிளிக்கு இன்னா பாக்கி? அந்தம்மா தேடிக்கினா வரப்போவுது?"

"ஊசி போட்டாங்கல்ல."

மூன்றாவது குண்டையும் கடித்து முடித்து, ஈய ருசியை மணலில் துப்பினாள்.

அறுநூறு ரூபாய்.