கால் ஊன்ற ஒரு பலகை

பஸ் நிலையத்து முன்பதிவு கவுண்டரில் டிக்கெட் கொடுப்பவளை எல்லோரும் சிட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அவ்வளவு சிறியவள். கவுண்டர் மேடையோ ஆறடி ஆளை மனத்தில் வைத்துக் கட்டியது. அலுவலக நாற்காலியில் அவள் சாதாரணமாக உட்கார்ந்தால் வெளியே நிற்பவருக்குத் தலைமுடி மட்டும்தான் தெரியும். "உள்ள ஆளே இல்லப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனவர்கள் உண்டு.

அதனால் பழைய காகிதக் கட்டுகளை நாற்காலியில் அடுக்கி, அதன்மேல் ஏறி உட்காருவாள். முகம் தெரிந்தது. கால்கள்தான் நாள் முழுக்க அந்தரத்தில் தொங்கின. காலுக்கு அடியில் ஒரு பெட்டியை வைத்துப் பார்த்தாள். பெட்டி ஒருபக்கம் நகர, கட்டு ஒருபக்கம் சரிய, ஒருநாள் வரிசையில் நின்றவர்கள் பார்க்கப் பார்க்கக் காணாமல் போனாள். முட்டியில் தோல் பெயர்ந்தது.

கணுக்கால் வீக்கம் வடியாமல் போனபோது டாக்டர் விரலால் அழுத்தி, குழி விழுவதைக் காட்டினார். "மருந்து தர்றேன். ஆனா காலைத் தொங்கப் போட்டு உக்கார்ற வரைக்கும் இது போகாதும்மா."

நிலைய மேலாளரிடம் மறுபடியும் போய் நின்றாள்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி நாற்காலிதான் வரும். உங்க உயரத்துக்கு நான் என்ன பண்றது?" என்றார் அவர்.

"உயரத்தை மாத்தித் தரச் சொல்லலை சார். நாற்காலியைத்தான் கேக்கறேன்."

"மேல எழுதியிருக்கேன். வரும்."

அது வராது என்று அவளுக்குத் தெரியும். கைத்தொழில் பள்ளியில் கோடை விடுமுறைக்கு மரவேலைப் பயிற்சி என்று விளம்பரம் பார்த்ததும், சேர்த்து வைத்திருந்த லீவை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"லீவு போட்டா மனுஷங்க ரெஸ்ட் எடுப்பாங்க. நீ மரம் அறுக்கப் போறியா?" என்றான் கணவன்.

"நீங்க அளவு எடுங்க, அது போதும்."

வீட்டு மாடிப்படியில் அவளை உட்கார வைத்து, முட்டியிலிருந்து குதிகால் வரை டேப்பைப் பிடித்தான். "இவ்வளவுதானா? நல்லாப் பாரு, கால் பாக்கி எங்கயாவது இருக்கப் போகுது" என்று சொல்லி ஒரு உதையும் வாங்கிக்கொண்டான்.

பயிற்சிக் கூடத்தில் டீச்சர் முப்பது வயதுக்காரி, கொண்டையில் பென்சில் செருகியிருப்பாள், பேச்சில் கறார். முதல் முறை வருகிறவர்கள் எல்லோரும் ஸ்டூல்தான் செய்ய வேண்டும் என்றாள்.

"எனக்கு ஸ்டூல் வேண்டாம் டீச்சர். உயரமான நாற்காலி, கால் வைக்கப் பலகையோட."

"அக்கா, உளியே பிடிச்சதில்லைன்னு இப்பதான் சொன்னீங்க."

"பிடிச்சுக்கறேன்."

டீச்சர் அவளை ஒரு பார்வை பார்த்தாள். "கழிவுக் கட்டையில துளையும் நாக்கும் போட்டுக் காட்டுங்க. நாக்கு ஆடாம உக்காந்தா நாற்காலிக்கு மரம் தர்றேன்."

நாற்காலியின் காலில் துளை எடுத்து, குறுக்குச் சட்டத்தின் முனையை நாக்காகச் செதுக்கி, அதை இதில் இறுக்குவது. சொல்வது லேசு. முதல் நாக்கு துளைக்குள் பல் விழுந்த வாயில் மிட்டாய் போல உருண்டது. அடுத்தது உள்ளே போகவே மாட்டேன் என்றது. மரக் கொட்டாப்புளியால் ஓங்கிப் போட்டாள், கட்டை பிளந்தது. உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த கட்டையை எடுத்தாள். பக்கத்து மேசைக்காரர் ஒரு பல் டாக்டர். "நான் தினம் துளை போடறவன், எனக்கே வரலை" என்று நொந்துகொண்டார். முதல் வார முடிவில் அவள் நீட்டிய கட்டையை டீச்சர் முறுக்கிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், பிறகு போய் நல்ல மரமாக எடுத்து வந்து மேசையில் வைத்தாள்.

அடுத்த வாரம் முழுக்க அறுத்தாள், இழைத்தாள், துளைத்தாள். கடைசியில் பசை போடுவதற்கு முன்பு எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்திப் பார்க்கும் கட்டம் வந்தது. டீச்சர் சாப்பிடப் போயிருந்தாள். பொறுக்க முடியாமல் சிட்டக்காவே கூடத்து ஓரத்தில் நாற்காலியை நிறுத்தினாள். அது லொடக் லொடக் என்று ஆடியது.

"இந்தக் கால் கொஞ்சம் நீளம்" என்றார் பல் டாக்டர், குனிந்து பார்த்து.

கவிழ்த்து, ஒரு சீவல் அறுத்தாள். நிறுத்தினால் வேறு பக்கம் ஆடியது.

"இப்ப அந்தக் கால்."

அதையும் அறுத்தாள். மறுபடி ஆடியது. வேர்த்து ஊற்ற, இருவரும் மாறி மாறி அறுத்தார்கள். டீச்சர் திரும்பி வந்தபோது தரையெல்லாம் மரத்துண்டு, நாற்காலி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"எங்க வெச்சுப் பாத்தீங்க? ஐயோ, அங்க தரைக்கல் அமுங்கியிருக்கு அக்கா! சமமான மேசையில வெச்சுல்ல பாக்கணும்?"

ஆடியது நாற்காலி இல்லை, தரை. ஒரு குறையும் இல்லாத கால்களை அவளே வெட்டித் தள்ளியிருந்தாள். நாற்காலி இப்போது நாலு விரற்கடை குட்டை.

டீச்சர் குரலைத் தணித்தாள். "பரவாயில்லை. முதல் முயற்சிக்கு இதுவே பெருசு. வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா உக்காந்துக்கும்."

சிட்டக்கா நாற்காலியை மேசைமேல் தூக்கி வைத்து, ஒவ்வொரு மூட்டாகத் தட்டிக் கழற்ற ஆரம்பித்தாள். நல்லவேளை, பசை போட்டிருக்கவில்லை.

"என்ன பண்றீங்க?"

"சட்டம், பலகை எல்லாம் சரியா இருக்கு. கால் நாலுதான் போச்சு. புதுசாப் போடறேன்."

"இன்னும் நாலு நாள்தான் இருக்கு. அத்தனை துளையும் திரும்ப எடுக்கணும். கொடுக்க மரமும் இல்லை."

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "என் ஸ்டூல் எப்படியும் தேறாது டீச்சர். அறு அறுன்னு சொன்னவனும் நான்தான். என் மரத்தை அவங்க எடுத்துக்கட்டும்."

அன்றிலிருந்து கூடத்தைத் திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள். சாப்பாட்டு வேளையிலும் உளிச் சத்தம் கேட்டது. இந்த முறை யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கோடு போட்டாள், இரண்டாம் முறை அளந்தாள், பிறகுதான் உளியை வைத்தாள். பல் டாக்டர் கட்டையைப் பிடித்துக்கொள்வதோடு சரி. வாயைத் திறந்தால் அவள் பார்க்கும் பார்வையில் மூடிக்கொள்வார். மூன்றாம் நாள் ஒரு துளையில் ஓரம் பெயர்ந்தது. கண் கலங்கியது. பெயர்ந்த சில்லைத் தேடியெடுத்து, பசை வைத்து ஒட்டி, காயும்வரை அடுத்த காலுக்குப் போனாள்.

நாலாம் நாள் நாற்காலியை மேசையின்மேல் நிறுத்தினார்கள். டீச்சர் நாலு மூலையையும் அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. பசை போட்டுக் கிளாம்ப் இறுக்கும்போது டீச்சரும் ஒரு பக்கம் பிடித்தாள். "நான் இருபது பேருக்குச் சொல்லிக் குடுத்தா ரெண்டு பேர்தான் முடிக்கறாங்க. நீங்க இந்த நாற்காலியை ரெண்டு தடவை முடிச்சிருக்கீங்க அக்கா."

லீவு முடிந்த காலை, நாற்காலியைக் கணவன் தோளில் சுமந்துவர, சிட்டக்கா கவுண்டருக்கு வந்தாள். பலகையில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் பலகையில் முழுசாகப் படிந்தன. குதிகாலை அழுத்திப் பார்த்தாள், தாங்கியது. அதற்குள் முதல் ஆள் வந்துவிட்டார். டிக்கெட் கிழித்துக் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் மேலாளர் வந்தார். "என்னம்மா இது? சொந்த சாமானெல்லாம் ஆபீஸ்ல போடக் கூடாதே. யாரைக் கேட்டு வெச்சீங்க?"

அவள் எழுந்திருக்கவில்லை. வெளியே வரிசை வாசல்வரை நீண்டிருந்தது.

"மேல எழுதியிருக்கீங்களே சார், அந்த நாற்காலி வரட்டும். வந்த அன்னிக்கே இதை எடுத்துட்டுப் போயிடறேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேலாளர் நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தார். சாய்மானத்தைப் பிடித்து அசைத்தார். அசையவில்லை.

"யார் செஞ்சது?"

"நான்தான் சார்."

அவர் வெளியே வரிசையை எட்டிப் பார்த்தார். "சரி, வழியில இடிக்காமப் பாத்துக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து இறங்கியபோது கால் மரத்துப்போயிருக்கவில்லை. வழக்கமான பஸ் வந்து நின்றது. கண்டக்டர், "ஏறுங்க சிட்டக்கா" என்றார்.

"நீங்க போங்க, நான் நடந்து வர்றேன்" என்று சொல்லிவிட்டு, கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்தாள்.