மணிக்கட்டுப் பொத்தான்

மகனின் வலக்கைக்கு மாட்டியிருந்த வெள்ளைக் கையுறையின் மணிக்கட்டுப் பொத்தான் மூடவில்லை. பெரியவர் சவப்பெட்டியின் மேல் குனிந்து இழுத்துப் பார்த்தார். துளை எட்டவில்லை. அவர் பட்டாளத்தில் இருந்த காலத்தில் எவனாவது இப்படி அணிவகுப்புக்கு வந்திருந்தால் அன்று முழுக்க வெயிலில் நிற்க வைத்திருப்பார்.

பக்கத்து வீட்டு டி.வி.யில் நாட்டுத் தலைவரின் குரல் மறுபடியும் கேட்டது. அயல்நாட்டு முகாமில் நம் வீரர்கள் அந்த மக்களின் புனித நூல்களை எரித்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதை நிறுத்தச் சொல்லுங்க," என்றார் பெரியவர்.

"அது அவங்க வீட்டு டி.வி. அத்தான். அதுக்கும் நீங்கதான் கமாண்டரா?" என்றார் மைத்துனர்.

"என் புள்ள நெஞ்சுல குண்டு வாங்கிட்டு வந்திருக்கான். சுட்டவன்கிட்ட இவரு மன்னிப்பு கேக்கறாரு. நம்ம குடும்பத்துல எவனாவது எவன்கிட்டயாவது தலை குனிஞ்சிருக்கானா?"

"தப்பு நடந்திருக்குல்ல, கேட்டா என்ன?"

"நடந்திருந்தா செஞ்சவன் கேக்கட்டும். என் புள்ள பொணத்து மேல நின்னு இவரு ஏன் கேக்கணும்? கொடி போர்த்த வர்ற அதிகாரிகிட்டயே சொல்லப்போறேன். கேட்ட மன்னிப்பை முதல்ல வாபஸ் வாங்கட்டும். அப்புறம் போர்த்தட்டும்."

மைத்துனர் அதிகாரியை எதிர்பார்த்து வாசலுக்குப் போனார். உள்ளறையில் பெரியவரின் மனைவியின் அழுகை ஓய்ந்திருந்தது. பெரியவர் மறுபடியும் பொத்தானைப் பிடித்தார்.

பெட்டியோடு வந்திருந்த சிப்பாய், மகனின் கூட்டாளி, ஓரடி முன்னால் வந்தான். "ஐயா, அதை விட்டுடுங்க."

"கையுறை ஒழுங்காப் போடத் தெரியாதவனா என் புள்ள?"

பெரியவர் கையுறையை உருவிவிட்டார். உள்ளே முழங்கை வரை கட்டு. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகள் கரிந்திருந்தன.

பெரியவர் சிப்பாயை நிமிர்ந்து பார்த்தார். "குண்டு நெஞ்சுலன்னுதானே சொன்னாங்க."

"ஆமாய்யா. இது அதுக்கு முந்தின நாள்." சிப்பாய் குரலைத் தணித்துக்கொண்டான். "முகாம் சிறையில வேண்டாம்னு கழிச்ச புத்தகம்னு பெட்டி பெட்டியா வந்துச்சு. அன்னிக்குக் குப்பை எரிக்கற குழி அவன் பொறுப்பு. அந்த எழுத்து எங்க யாருக்கும் தெரியாது. அவன்தான் தீ வச்சான். அங்க வேலை பாக்கற உள்ளூர்க்காரர் ஒருத்தர் மார்ல அடிச்சுக்கிட்டு அழுதப்பதான் என்ன புத்தகம்னே தெரிஞ்சுது. உடனே கையைத் தீக்குள்ள விட்டு வாரி எடுத்தான்."

பெரியவர் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"மறுநாள் முகாம் வாசல்ல ஒரே கூட்டம். போகாதடான்னோம். 'செஞ்சது நான், நான்தானே கேக்கணும்'னு துப்பாக்கியை என்கிட்ட குடுத்துட்டான். எரியாம மிஞ்சினதைத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போனான். குனிஞ்சு குடுத்தான். வாங்கிக்கிட்டாங்கய்யா. அப்புறம்தான் கூட்டத்துக்குப் பின்னாடி எங்கிருந்தோ ஒரு குண்டு..."

வாசலில் கார் கதவு சாத்தப்பட்டது. மடித்த கொடியை இரு கைகளிலும் ஏந்தி அதிகாரி உள்ளே வந்தார். பின்னால் வந்த மைத்துனர், பேசுங்கள் என்பதுபோல் அத்தானைப் பார்த்தார்.

"ஐயா, தலைவருக்கு நீங்க ஏதோ சொல்லணும்னு இருக்கறதா இவர் சொன்னாரு," என்றார் அதிகாரி. "சொல்லுங்க. நான் போய்ச் சேர்த்துடறேன்."

பெரியவர் கையிலிருந்த கையுறையை ஒவ்வொரு விரலாக நீவிச் சரிசெய்தார்.

"இதுலயே ஒரு அளவு பெரிசு கிடைக்குமா?" என்றார். "பொத்தான் மூட மாட்டேங்குது."