ஜெமுதையின் எச்சில்

கென்யாவின் இட்டென் ஊரில் ஜெமுதையைத் தெரியாதவர் கிடையாது. மூன்று மாரத்தான் ஜெயித்தவள். முழங்கால் போன பிறகு ஓட்டத்தை விட்டுவிட்டு, இரண்டு பசுவும் ஒரு சோளக்காடுமாக இருக்கிறாள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவள் வாயில் ஒரு சொட்டு டீ படவில்லை. நைரோபியிலிருந்து வருகிறவர் எச்சில் எடுக்க வேண்டும், அதுவரை எதுவும் குடிக்காதே என்று கணவன் கிபிவோட் சொல்லியிருந்தான்.

வந்தவர் வாவெரு, ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் ஏஜென்ட். அவள் போட்ட டீயை அவர் இரண்டு கோப்பை குடித்தார். பிறகு நாடாவை எடுத்து அவள் கெண்டைக்காலை அளந்தார். கணுக்காலைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். சந்தையில் மாடு பிடிக்கிறவன் மாதிரி வாயைத் திறந்து பல்லைப் பார்க்காததுதான் பாக்கி. அவர் விரல் பட்ட இடத்தை அவள் பாவாடையால் அழுத்தித் துடைத்தாள்.

"விஷயம் சிம்பிள், சாம்பியன். இன்னைக்கு எச்சில். அடுத்த மாசம் எல்டோரெட் ஆஸ்பத்திரில கருமுட்டை. உங்க உடம்புல ஓட்டம் எங்க ஒளிஞ்சிருக்குன்னு பாத்து, அதை எடுத்துப் பெரிய பணக்காரங்களோட கருவுல சேத்துடுவாங்க."

"அந்தப் புள்ளைங்க எங்க ஓடும்?"

"எங்கன்னா?"

"நான் பள்ளிக்கூடத்துக்கு லேட்டாயிடுமேன்னு மேடேறி ஓடினவ. அதுங்களக் கார்லதான கொண்டு விடுவாங்க?"

கிபிவோட் அசடு வழியச் சிரித்தான். "இவளுக்கு வாய் ஜாஸ்தி சார். ஜெமுதை, கையெழுத்தப் போடு."

ஜெமுதையா? ஒன்பது வருஷமாக அவன் அவளை 'செரோப் அம்மா' என்றுதான் கூப்பிட்டான். இன்று காலையிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். செரோப் அவர்களுடைய ஒரே மகள். பிறக்கும்போதே இடது பாதம் உள்பக்கமாக மடங்கியிருந்தது. நேற்று சாயங்காலம், லீவுதானே என்று சொல்லி, எதிரே இருக்கும் தன் தங்கை வீட்டில் அவளை விட்டு வந்திருந்தான்.

ஜெமுதை தாளை முதல் வரியிலிருந்து படித்தாள். பதினான்காவது கேள்வி: உங்கள் குழந்தைகளில் யாருக்காவது பிறவிக் குறை உண்டா? அதன் எதிரே கிபிவோட்டின் குண்டுக் கையெழுத்து: குழந்தைகள் இல்லை.

தாளை அவன் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"செரோப் அப்பா, இது உங்க கையெழுத்துதானே?"

வாவெரு நிமிர்ந்தார். "செரோப் யாரு?"

கிபிவோட் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "அவ கால் ஆபரேஷனுக்குத்தான்டி! வேற எங்க போவேன்?"

"அவ காலுக்குப் பணம் வேணும்னு அவளையே இல்லன்னு எழுதினீங்களா?"

வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தாள். செரோப் செம்மண் பாதையைத் தாண்டி, மடங்கிய பாதத்தின் ஓரத்தை ஊன்றி ஊன்றி ஓடி வந்தாள். வாவெரு பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. பாதத்தையே பார்த்தார்.

"ஒண்ணும் பயமில்ல சாம்பியன். அந்தக் கோளாறையெல்லாம் லேப்ல வெட்டிப் போட்டுடுவாங்க. ஓட்டத்த மட்டும்தான் வச்சுக்குவாங்க." எச்சில் குழாயை நீட்டினார்.

முதல் பந்தயத்துக்குப் புறப்பட்ட அன்று அப்பா அவள் நெஞ்சில் துப்பித்தான் ஆசி கொடுத்தார். அவர்கள் கலென்ஜின் இனத்தார் வீடுகளில் அதுதான் வழக்கம். அந்த எச்சிலை எந்தப் பணக்காரனும் வந்து கேட்டதில்லை.

ஜெமுதை ஒரு கையில் குழாயை வாங்கிக்கொண்டாள். மறு கையால் மகளின் சட்டைக் கழுத்தை விலக்கினாள். காலையிலிருந்து காய்ந்து கிடந்த வாயில் இருந்ததையெல்லாம் திரட்டி அந்த நெஞ்சில் துப்பினாள். குனிந்து, மடங்கிய பாதத்திலும் துப்பினாள்.

"அய்யோ, கூசுதும்மா!" செரோப் நெளிந்து சிரித்தாள்.

காலிக் குழாயை மூடி வாவெருவின் பையில் போட்டாள் ஜெமுதை. "தீந்துபோச்சு சார்."

அடுப்பில் மிச்சமிருந்த டீயை இரண்டு கோப்பைகளில் ஊற்றி, மகளுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுத் தன்னுடையதைக் குடித்தாள்.

"செரோப் அம்மா..." என்றான் கிபிவோட், மெதுவாக.

அவள் மகளின் கோப்பையை வாங்கி டீயை ஊதி ஆற்றினாள்.