முயல் படம் போட்ட ஸ்டீயரிங்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் மனைவிக்கே வண்டி ஓட்ட வரவில்லை என்றால் தெரு சும்மா இருக்குமா? மருந்தக்காவின் காதுபடவே சிரித்தார்கள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பதால் அவள் எல்லாருக்கும் மருந்தக்கா. கடையில் அவள் கை இம்மி பிசகாது. டாக்டர்களின் கோழி கிளறிய எழுத்தைக்கூட ஒரே பார்வையில் படித்துவிடுவாள். ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைத்தால் மட்டும் ஆளே வேறு. லைசென்ஸ் டெஸ்டில் மூன்று முறை கோட்டை விட்டிருந்தாள்.

முதல் தடவை, ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெரியவரைப் பார்த்தும் அவள் பிரேக்கைத் தொடவில்லை. மாஸ்டர் மிதிப்பார் என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். பழகும் வண்டியில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு; அவர் எப்போதும் முந்திக்கொண்டு மிதித்துவிடுவார். அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தவர் இன்ஸ்பெக்டர். மனுஷன் பதறியடித்து மிதித்ததில் அவருடைய மூக்குக் கண்ணாடி எகிறிப் பின்சீட்டில் விழுந்தது. இரண்டாம் தடவை ஒவ்வொரு திருப்பத்திலும் "திரும்பட்டுங்களா?" என்று அவரிடம் அனுமதி கேட்டாள். மூன்றாம் தடவை, "கிளம்புங்க" என்று அவர் சொன்ன பிறகும் கிளம்பவில்லை. இன்னொரு தரம் யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

நான்காவது டெஸ்ட் அடுத்த வாரம். கடை முதலாளியம்மா ஆற்றுக்கு அக்கரையில் புதிய கிளை திறக்கிறார். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் கிளை. பொறுப்பு முழுவதும் உனக்குத்தான், லைசென்ஸை மட்டும் வாங்கிவிடு என்று சொல்லிவிட்டார். மருந்தக்காவுக்கு அந்த வேலை மேல் உயிர். ஆனால் இன்னொரு முறை தோற்றுத் தெருவில் தலைகாட்ட அவளுக்குத் தெம்பில்லை. டெஸ்டுக்கே போவதில்லை, அந்த வேலையும் வேண்டாம் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள். பிள்ளைகளுக்கு லீவாயிற்றே, இரண்டு நாள் நகரத்தைச் சுற்றிவிட்டு வரலாம் என்று மாஸ்டர் ரயில் டிக்கெட் எடுத்தபோது, அங்கே வைத்து அவரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

"இந்த ரெண்டு நாளும் யாரும் டிரைவிங் பேச்சே எடுக்கக் கூடாது. எடுத்தா ஐஸ்கிரீம் அபராதம்" என்று ரயில் ஏறும்போதே மகள் சட்டம் போட்டாள். ஒன்பது வயது. வீட்டில் அவளுக்கு மேனேஜர் என்று பெயர். ஐந்து வயதுத் தம்பி வாண்டுக்குச் சட்டம் ஒன்றும் புரியவில்லை. ஐஸ்கிரீமில் முடிகிற எந்தச் சட்டத்துக்கும் அவன் சம்மதிப்பான்.

முதல் நாள் காலையிலேயே வெயில் பல்லைக் காட்டியது. நகரத்தின் நடுச் சதுக்கத்தில் தரையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடிக்கும் இடம் ஒன்று இருந்தது. எந்த ஓட்டையிலிருந்து எப்போது தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். மருந்தக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் நனைய நின்றாள். சரி, இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"டேய், பின்னாடி ஆள் வர்றாங்க! கண்ணாடியப் பாருடா!" என்று மாஸ்டர் கத்தினார். அரை டிராயரோடு ஓடிக்கொண்டிருந்த வாண்டு எந்தக் கண்ணாடியைப் பார்ப்பது என்று திகைத்து நின்றான். ஓர் ஓட்டையிலிருந்து தண்ணீர் அவன் முகத்திலேயே அடித்தது.

"ஐஸ்கிரீம்!" என்றாள் மேனேஜர்.

வெயில் ஏறியதும் ஏசி இருக்கிற இடமாகப் பார்த்து அருங்காட்சியகத்துக்குள் புகுந்தார்கள். கூரையிலிருந்து ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்கியது. எல்லாரும் வாயைப் பிளந்து நின்றார்கள். நல்ல அமைதி. மருந்தக்கா மறுபடியும் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, அந்த டெஸ்ட்..."

"இவ்வளவு நீளத்தை ரிவர்ஸ் எடுக்கணும்னா எவ்வளவு இடம் வேணும்!" என்றார் மாஸ்டர், திமிங்கிலத்தைப் பார்த்து.

"ஐஸ்கிரீம்! அம்மாவும் டெஸ்ட்னு சொன்னா. ரெண்டு ஐஸ்கிரீம்!"

மதியத்துக்குள் பிள்ளைகளின் நாக்கு என்ன நிறம் என்று யாராலும் சொல்ல முடியாத நிலை. மருந்தக்காவின் நெஞ்சில் சொல்லாத சேதி அப்படியே கிடந்து கனத்தது.

வெயில் தாழ்ந்ததும் ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போனார்கள். அங்கே மிதித்து ஓட்டும் குடும்ப வண்டிகள் வாடகைக்கு இருந்தன. நான்கு சக்கரம், கோடு போட்ட துணிக் கூரை. முன்னால் இரண்டு பேர் மிதிக்க வேண்டும். பின்னால் ஒரு பெஞ்சு, வண்டியின் மூக்கில் சின்னப் பிள்ளை உட்கார ஒரு கூடை. அதைப் பார்த்ததும் மாஸ்டரின் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மனுஷன் பாவம்.

வண்டிகளை வாடகைக்கு விடுகிறவர் குடை நிழலிலிருந்து எழுந்து வந்தார். "சார், ஒரு விஷயம். இந்த வண்டியில வந்து..."

"எனக்கா சொல்றீங்க?" என்றார் மாஸ்டர். "எங்க ஊர்ல பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். நீங்க போய் உக்காருங்க."

இப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பார் அவர். "உங்க இஷ்டம்" என்று குடைக்கே திரும்பிவிட்டார்.

கூத்து இங்கேதான் ஆரம்பித்தது. ஓட்டப்போவது மாஸ்டர்தான் என்று நால்வருக்கும் தெரியும். ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே! அவருடைய கால்கள் அவரைச் சுற்றி அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுக்கிறவர் உட்காரும் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டன. மருந்தக்காவும் தன் பங்குக்கு, பழகும் வண்டியில் ஏறுவதுபோலவே மறுபக்கம் ஏறினாள். இருவர் முன்னாலும் ஆளுக்கொரு ஸ்டீயரிங். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பக்கத்தில் வெறும் பிரேக்கை மட்டும் மிதித்தே காலம் தள்ளியவர் அல்லவா!

"பாத்தியா, இதுதான் வண்டி! வாத்தியாருக்கும் ஒரு ஸ்டீயரிங் வெச்சிருக்கான்!"

அவருடைய ஸ்டீயரிங் மஞ்சள் நிறம். நடுவில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் முயல் படம். அமுக்கினால் கீச் என்று கத்தியது. அதை அவர் ஹாரன் என்று எடுத்துக்கொண்டார்.

"நீ சும்மா கையை மட்டும் வெச்சுக்கோ, நான் பாத்துக்கறேன்" என்று மனைவிக்குத் தைரியம் சொல்லிவிட்டு மிதிக்கத் தொடங்கினார். வாண்டு முன்கூடையில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். மேனேஜர் பின்பெஞ்சு முழுவதையும் தனக்கென்று எடுத்துக்கொண்டாள்.

முதல் வளைவு வந்தது. மாஸ்டர் திருப்பினார். மருந்தக்காவும் சும்மா கூடவே திருப்பினாள். வண்டி அழகாக வளைந்தது. அடுத்த வளைவில் வியர்வை கண்ணில் வழிய, மாஸ்டர் இரண்டு கைகளையும் எடுத்துச் சட்டையால் முகத்தைத் துடைத்தார். வண்டி பாட்டுக்கு வளைந்து போயிற்று. மருந்தக்காவுக்கு எங்கேயோ இடித்தது. தன் ஸ்டீயரிங்கைத் துளி அசைத்துப் பார்த்தாள். வண்டி அசைந்தது. நிறுத்தினாள். நேராயிற்று. அவர் பக்கத்து முயலோ சுற்றோ சுற்றென்று சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முன்னால் வாண்டு, பின்னால் மேனேஜர், பக்கத்தில் புருஷன், பாதை நிறைய ஜனம். இவ்வளவையும் ஓட்டிக்கொண்டு போவது அவள்!

பின்னாலிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்துக் காதில் கிசுகிசுத்தாள். "அம்மா, அப்பாவோடது விளையாட்டு ஸ்டீயரிங்..."

"உஷ்" என்றாள் மருந்தக்கா. சொன்னால் அடுத்த நொடியே இடம் மாறி உட்காரச் சொல்வார். ஏனோ அவளுக்கு இடம் மாற மனம் வரவில்லை.

பாதையில் ஒரு வாத்துக் கூட்டம் குறுக்கிட்டது. மாஸ்டர் இடது பக்கம் ஒடித்தார். மருந்தக்கா வலது பக்கம் திருப்பினாள். வண்டி வலது பக்கம் போனது.

"பின்சக்கரத்துல திரும்புற ரகம்" என்று மாஸ்டர் விளக்கினார். "இடது ஒடிச்சா வலது போகும். எல்லாருக்கும் இது பிடிபடாது. எனக்கு ரெண்டே வளைவுல பிடிபட்டுருச்சு."

மருந்தக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பின்பெஞ்சில் மேனேஜர் வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டாள். அடுத்து ஒரு மரப்பாலம், ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். மருந்தக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நடுவாக விட்டாள். இரண்டு பக்கமும் உரசவில்லை. "எப்படி?" என்றார் மாஸ்டர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு. எதிரே வந்த கிழத் தம்பதி கைதட்டினார்கள். மாஸ்டர் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார். மருந்தக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பாலம் தாண்டியதும் இறக்கம். நல்ல இறக்கம். கீழே பாதை சட்டென்று திரும்பியது. திருப்பத்துக்கு நேர் எதிரே ஏரி. வண்டி வேகம் பிடித்தது, பெடல்கள் தாமாகவே சுழன்றன. வாண்டு "ஊஊ" என்று கைகளை உயர்த்தினான். மாஸ்டர் முயலை இறுகப் பிடித்து முழுப் பலத்தோடு திருப்பினார். கடக் என்று ஒரு சத்தம். முயல் அவர் கையோடு வந்துவிட்டது.

முகத்தில் ஈயாடாமல் அதையே பார்த்தார். பிறகு பூங்கா அதிர அலறினார். "ஸ்டீயரிங் கழண்டுருச்சு! எல்லாரும் குதிங்க!"

"யாரும் குதிக்க வேணாம். உக்காருங்க" என்றாள் மருந்தக்கா.

"பிரேக்! பிரேக்கப் பிடி!" வெறும் தரையைக் காலால் மிதிமிதியென்று மிதித்தார்.

கைப்பிரேக் அவள் பக்கம்தான் இருந்தது. பிடிக்கவில்லை. ஏரி கிட்டே வந்தது. எப்போது பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. "இப்பவே இறுக்கிப் பிடிச்சா கவுந்துரும். கொஞ்சம் பொறுங்க." கொஞ்சமாகப் பிடித்தாள், விட்டாள், மறுபடி பிடித்தாள். வேகம் அடங்கியதும் நிதானமாகத் திருப்பினாள். வண்டி ஏரிக்கரையை ஒட்டி வளைந்து, ஒரு மரத்தடியில் போய் நின்றது. மாஸ்டர் கண்ணை இறுக மூடி முயலை நெஞ்சோடு கட்டிக்கொண்டிருந்தார். அது கீச் கீச் என்று கத்திக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை!" என்றான் வாண்டு.

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். கையிலிருந்த முயலைப் பார்த்தார். மனைவியின் கையைப் பார்த்தார். அது இன்னும் ஸ்டீயரிங்கில்தான் இருந்தது.

"அப்ப... அந்த வளைவெல்லாம்?"

"நான்தான்."

"பாலம்?"

"நான்தான்."

"வாத்து?"

"வாத்து தானாப் போச்சு. வண்டியத் திருப்பினது நான்."

மேனேஜருக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. பெஞ்சில் படுத்து உருண்டு சிரித்தாள். ஏன் என்று தெரியாமலே வாண்டும் சிரித்தான். மாஸ்டர் மட்டும் அசடு வழிய உட்கார்ந்திருந்தார். மருந்தக்காவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ஏம்மா, என்னாச்சு?" என்று மாஸ்டர் பயந்துவிட்டார்.

"டெஸ்டுக்குப் போகப் போறதில்லன்னு சொல்லத்தாங்க காலையிலேருந்து உங்ககிட்ட வந்துக்கிட்டே இருக்கேன். புதுக் கடையும் வேணாம்னு சொல்லிரலாம்னு இருந்தேன். எனக்கு வராதுன்னே நெனச்சுட்டேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்க பக்கத்துல உக்காந்து பழகினதுல, நான் ஓட்டுறேனா நீங்க ஓட்டுறீங்களான்னு எனக்கு ஒரு நாளும் தெரிஞ்சதே இல்லங்க. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

மாஸ்டருக்கு அது சுருக்கென்று தைத்தது. எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர். மற்றவர்கள் ஓட்டும்போது சில நாளிலேயே காலை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். இவள் ஓட்டும்போது மட்டும் ஒரு நாளும் எடுத்ததில்லை. இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம்தான்.

"டெஸ்டுக்குப் போறேன்" என்றாள் மருந்தக்கா. "ஆனா நீங்க வரக் கூடாது."

"வாசல்லகூடவா?"

"வாசல்லகூட. பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போங்க."

தன் மாணவர் ஒருவரின் டெஸ்டுக்குக்கூட மாஸ்டர் போகாமல் இருந்ததில்லை. கையிலிருந்த முயலைக் கீழே வைத்தார். "சரி" என்றார்.

வாடகை நேரம் இன்னும் பாக்கி இருந்தது. வாண்டு ஒற்றைக் காலில் நின்றான், இன்னொரு சுற்று வேண்டுமாம். மாஸ்டர் தானாகவே இறங்கிப் பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவர் இடத்தில் மேனேஜர் ஏறிக்கொண்டு, எட்டியும் எட்டாத காலால் மிதித்தாள். வண்டி ஏரிக்கரையோரம் மெல்ல நகர்ந்தது.

ஒரு வளைவு போயிற்று. பின்னாலிருந்து சத்தமில்லை. எதிரே ஒரு சைக்கிள் வந்தது, மருந்தக்கா ஒதுங்கி வழிவிட்டாள். அப்போதும் சத்தமில்லை. பாதை இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது.

"ஏம்மா" என்றார் மாஸ்டர்.

இதோ வரப்போகிறது பாடம் என்று மருந்தக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எங்க போறோம்?" என்று கேட்டார் அவர்.

"தெரியலங்க" என்று ஸ்டீயரிங்கை வளைத்தாள் மருந்தக்கா. "போய்ப் பாப்போம்."